பட்டியலில் முதல் தந்தை

குழந்தை என்று ஒன்று பிறந்தால் அதற்குத் தந்தை என்று ஒருவர் இருப்பது வழக்கம். நகராட்சியின் பிறப்புப் பதிவுப் பிரிவும் இக்கருத்தை நெடுங்காலமாக ஏற்றே வந்திருக்கிறது.

அங்குள்ள கணினித் திரையில் ‘தந்தை’ என்றொரு பெட்டி. அழுத்தினால் பெயர்ப் பட்டியல் விரியும். கடைசியாகச் சேர்ந்தவர் எல்லாருக்கும் மேலே இருப்பார். பெட்டியின் ஓரத்தில் மூன்று சின்னக் குறிகள். பட்டியலில் இல்லாதவரைச் சேர்க்கப் பச்சை நிறத்தில் ஒரு கூட்டல். பிழை திருத்த ஒரு பென்சில். ஆளையே நீக்க, சிவப்பில் ஒரு பெருக்கல்.

புதிதாக வந்த ஆணையர் ஒரு கருத்தரங்குக்குப் போய்த் திரும்பினார். திரையில் எவ்வளவு வெற்றிடம் இருக்கிறதோ அவ்வளவு நாகரிகம் என்று அங்கே சொல்லியிருந்தார்கள். குறிகளை அகற்ற உத்தரவானது. குறி போனால் புது அப்பாக்களை எப்படிச் சேர்ப்பது என்று புரோகிராமர் அம்மாள் கேட்டார்.

“இருக்கற அப்பாக்கள் போதாதா?” என்றார் ஆணையர்.

கூட்டலை மட்டுமாவது விட்டுவைக்கலாம் என்றார் அம்மாள். ஒன்று மட்டும் நின்றால் திரை ஒரு பக்கம் சாய்ந்தாற்போல் இருக்கும் என்று ஆணையர் விளக்கினார். டீ ஆறுவதற்குள் மூன்றும் மறைந்தன.

பிறகுதான் ஓர் எலக்ட்ரீஷியன் வந்தார், மனைவியோடும் மகளோடும். மகள் பிறந்தபோது ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று விட்ட சான்றிதழைப் பள்ளிக்கூடம் இப்போது கேட்டது. சேர்க்கை அன்று மாலையோடு முடிகிறது.

எழுத்தர் பட்டியலை மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு, அப்பா இல்லையே என்றார்.

“இங்கதான் சார் நிக்கிறேன்.”

“நிக்கிறீங்க, யாரு இல்லேன்னா? லிஸ்ட்ல இல்லையே.”

பெட்டியைக் காலியாக விட்டால் கணினி ஒப்புக்கொள்ளாது. ஏற்கெனவே தந்தையானவர்தான் தந்தையாக முடியும் என்பது நடைமுறை. எழுத்தர் இரக்க குணம் உள்ளவர். ஒரு வழி வைத்திருந்தார். பட்டியலில் முதல் ஆளாகக் குடை ரிப்பேர்காரர் இருந்தார். குறிகள் மறைவதற்குச் சற்று முன் கடை உரிமம் கேட்டு வந்தவரை, அவசரத்தில் இந்தப் பெட்டியில் சேர்த்துவிட்டார்கள்.

“வேற யாரைப் போட்டாலும் அவங்க வீட்ல சண்டை வரும். இவருக்குக் கல்யாணமே ஆகலை. கேக்க ஆளில்லை.”

எலக்ட்ரீஷியன் முடியாது என்றார். மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். “பேப்பர்லதானேங்க. வீட்டுக்கு வந்தா நீங்கதானே அப்பா” என்றாள். மகளுக்குச் சான்றிதழ் கிடைத்தது, பள்ளியில் இடமும் கிடைத்தது.

எழுத்தரின் இரக்கம் ஊருக்கே பயன்பட்டது. முதல் குழந்தை பெற்ற அத்தனை பேரும் குடை ரிப்பேர்காரரைச் சம்மதித்து வாங்கிப் போனார்கள். அவர் குடைக்கம்பி நிமிர்த்துவதை விட்டுவிட்டு மதிப்பெண் அட்டைகளில் கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்துக்கு அவர் ஒருவர் வந்தாலே, கூட்டம் நடத்தத் தேவையான ‘கோரம்’ நிறைந்துவிடும் என்று பேசிக்கொண்டார்கள்.

ஒருநாள் மகளுக்குப் பள்ளியில் காய்ச்சல். எலக்ட்ரீஷியன் வேலையைப் போட்டுவிட்டு ஓடினார். வாசலில் காவல்காரர் மறித்து, நீங்க யாரு என்றார். அப்பா என்றார் இவர். “அப்பா குடையோட உள்ள போய்ட்டாரே” என்றார் காவல்காரர்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் ஆணையர் முன் நின்றார். தம் மகளின் பெயருக்குப் பக்கத்தில் தம் பெயர் வரவேண்டும், வேறொன்றும் வேண்டாம் என்றார். நியாயம்தான் என்று ஆணையருக்கும் பட்டது. குறிகளைத் தற்காலிகமாகக் கொண்டுவர உத்தரவிட்டார்.

எழுத்தர் அந்தச் சிறுமியின் பக்கத்தைத் திறந்து, குடை ரிப்பேர்காரர் பெயருக்கு அருகே சிவப்புப் பெருக்கலை அழுத்தினார். இவரை நீக்கினால் இவரைச் சார்ந்த அனைத்தும் நீங்கும் என்று கணினி எச்சரித்தது. கீழே நீளமாக ஏதோ எழுதியும் காட்டியது. அவ்வளவையும் படிப்பது எழுத்தருக்கு வழக்கமில்லை.

“சம்மதமான்னு கேக்குது.”

“நூறு தடவை சம்மதம்” என்றார் எலக்ட்ரீஷியன்.

குடை ரிப்பேர்காரர் நீங்கினார். அவரைச் சார்ந்த குழந்தைகளும் நீங்கினார்கள். அவர்களைப் பற்றி வந்திருந்த புகார்களும் நீங்கின. நிலுவை எதுவுமில்லாத ஒரே பிரிவு என்று மேலிடம் பாராட்டி எழுதியது.

பதிவில் பிள்ளையில்லாமல் போன ஊர் விடிந்ததும் நகராட்சி வாசலில் வரிசை கட்டியது. எலக்ட்ரீஷியன்தான் முதல் ஆள். எழுத்தர் பச்சைக் கூட்டலை அழுத்தி அவரைச் சேர்த்தார். மகளின் பெயரையும் பதிந்தார். சான்றிதழில் தம் பெயரை எலக்ட்ரீஷியன் எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார். கண் கலங்கியது.

அதற்குள் பெருக்கல் குறி செய்த வேலை ஆணையரின் காதுக்கு எட்டிவிட்டது. குறிகள் உடனே மறைய வேண்டும் என்றார். பெருக்கலை மட்டும் மறைக்கலாமே என்றார் புரோகிராமர் அம்மாள். திரை சாயும் என்றார் ஆணையர். மூன்றும் மறுபடி மறைந்தன.

எழுத்தர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பட்டியலை விரித்துப் பார்த்தார். முதல் பெயர் எலக்ட்ரீஷியனுடையது. படியிறங்கப் போனவரைக் கைதட்டி அழைத்து, கொஞ்சம் இருங்க சார் என்றார்.

வரிசை அவரைச் சூழ்ந்துகொண்டது. இன்னிக்குள்ள பேப்பர் குடுக்கலேன்னா பள்ளிக்கூடத்துலேர்ந்து பிள்ளையை வெளிய அனுப்பிடுவாங்க, வெறும் பேர்தானே சார் என்றார்கள். கூட்டத்தில் ஆணையரின் மருமகனும் இருந்தார். எலக்ட்ரீஷியன் முடியாது என்று வாயெடுத்தார். அவர் மனைவி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

வேடிக்கை பார்க்க வந்த குடை ரிப்பேர்காரர், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினார்.

“வச்சுக்கங்க தம்பி. எனக்கு இனிமே தேவைப்படாது.”