பாட்டில் மெர்வின் எங்கே?

“பாடுனது நீங்க இல்ல. சரி. மெட்டுப் போட்டதும் நீங்க இல்ல. அதுவும் சரி. அப்போ அந்தப் பாட்டுல நீங்க யாரு தம்பி?”

ஞானராஜ் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆள் சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் குரல் இன்னும் கோர்ட்டிலேயே இருந்தது.

“கிட்டார், அங்கிள். ராக் கிட்டார்” என்றான் மெர்வின்.

சென்னையின் பாதி ஸ்டுடியோக்களில் அடுத்தவர் பாட்டுக்கு வாசித்தவன் அவன். இப்போது ராஜபாளையத்தில் வீட்டு மாடியிலேயே ஸ்டுடியோ போட்டு, அங்கிருந்தே வாசித்து அனுப்புகிறான். சின்ன ராக் குழுக்களுக்கு ஆல்பமும் தயாரித்துக் கொடுக்கிறான். எலினாவைப் பெண் பார்க்க வந்த இடத்தில், பார்த்தவுடனேயே அவளைப் பிடித்துவிட்டது. அதற்கப்புறம் நேரமெல்லாம் அவள் அப்பாவுக்குத் தன் வேலையைப் புரிய வைப்பதிலேயே போய்க்கொண்டிருந்தது.

“பாட்டைப் போடுங்க, கேப்போம்.”

செல்போனில் போட்டான். கல்யாண வீடுகளில் தவறாமல் ஒலிக்கிற பாட்டுதான்.

“செத்த பொறுங்க அங்கிள்... இப்ப வரும்... இந்தா!”

“எங்க?”

“போயிருச்சு.”

மறுபடியும் போட்டான். மறுபடியும் போய்விட்டது.

“டிரம்ஸ் கேக்கு. பாடுற புள்ள மூச்சு வாங்குறதுகூடக் கேக்கு. உங்களைத்தான் காணல. பேராவது போட்டிருக்காங்களா?”

“எங்க பேரைப் பெரும்பாலும் போட மாட்டாங்க அங்கிள்.”

துணைக்கு வந்திருந்த பெரியப்பா இம்மானுவேல் கைகொடுக்க நினைத்தார். “நாங்க பேருக்கு ஆசப்படுற குடும்பம் இல்லைங்க.”

“பேரும் இல்ல, ஆளும் இல்ல. கோர்ட்டுல இதுக்கு வேற மாதிரி சொல்லுவோம்” என்றார் ஞானராஜ்.

மெர்வின் கையோடு கொண்டுவந்திருந்த லாப்டாப்பைத் திறந்தான். அந்தப் பாட்டுக்காக அவன் வேலை பார்த்த ஃபைல் அதில் இருந்தது.

“என் கிட்டாரை மட்டும் எடுத்துட்டுப் போடுறேன். அப்பத் தெரியும், எம்புட்டுக் கொறையுதுன்னு.”

பாட்டு ஓடியது. ஞானராஜ் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“இப்பத்தான் வார்த்தை தெளிவா இருக்கு.”

“ஆமாலே, நல்லாத்தாம்லே இருக்கு” என்றார் பெரியப்பா. “இப்படியே விட்டிருக்கலாம்லா?”

எது நன்றாக இருக்கிறது என்று கூடத்தில் இருந்தவர்களைக் கை தூக்கச் சொன்னார் ஞானராஜ். கிட்டார் இல்லாத பாட்டுக்கே கைகள் எழுந்தன. முதல் கை பெரியப்பாவுடையது. எலினா மட்டும் தூக்கவில்லை.

அந்தத் தூக்காத கை மெர்வினுக்கு வெறியேற்றிவிட்டது. காருக்கு ஓடி கிட்டாரையும் ஆம்ப்ளிஃபயரையும் தூக்கி வந்தான்.

“நேர்லயே வாசிக்கேன்!”

வாசித்தான். அலமாரியில் கண்ணாடி டம்ளர்கள் பல்லை நறநறத்தன. சுவரில் இயேசுவின் கடைசி இராப்போஜனப் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, சீடர்களெல்லாம் ஓரமாகச் சரிந்தார்கள். பக்கத்து வீட்டில் பால்கோவா கிண்டிக்கொண்டிருந்த சிவபாண்டி கையில் துடுப்போடு ஓடி வந்தார்.

“எவம்லே அது? அடுப்புல சட்டி ஆடுது! பால் அடிபிடிச்சா எவன் பதில் சொல்லுவான்?”

மெர்வினுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பாத்தீங்களா அங்கிள்? இதுதான் என் வேலை!”

ஞானராஜ் எழுந்து சீடர்களை நிமிர்த்தினார். “அந்தப் பாட்டை நான் எத்தனையோ தடவ கேட்டிருக்கேன் தம்பி. ஒரு டம்ளர்கூட ஆடுனதில்ல. ஆக, அதுல வாசிச்சது நீங்க இல்லன்னு நீங்களே நிரூபிச்சிட்டீங்க.”

மெர்வின் கிட்டாரை உறையில் போட்டான்.

“கலந்து பேசிட்டுப் பொறவு சொல்லி அனுப்புறோம்” என்று கைகூப்பினார் ஞானராஜ். சொல்லி அனுப்புகிறோம் என்ற எந்த வீட்டிலிருந்தும் இதுவரை மெர்வினுக்கு யாரும் சொல்லி அனுப்பியதில்லை.

“மில்லுல சூப்பர்வைசர்னு சொல்லியிருந்தா இந்நேரம் தேதி குறிச்சிருக்கலாம்லே” என்றபடி பெரியப்பா காரில் ஏறினார். மெர்வின் சாவியைத் திருகும்போது எலினாவின் தங்கை ஜூடி வாசலைத் தாண்டி ஓடி வந்தாள்.

“கிட்டார் ஒயரை விட்டுட்டுப் போறீங்களே அத்தான்! அப்பா சொன்னதை மனசுல வச்சுக்காதீங்க, அவியளுக்கு விவரம் தெரியாது. அந்தப் பாட்டை வெளியிட்ட கம்பெனிக்கு வீட்டுல இருந்தே வேலை பாக்குறது எங்க அக்காதான்; நீங்க அனுப்புனதுல நாய் குரைச்சிருந்துச்சாம், அதத் தூக்கிப் போட்டுட்டு கிட்டார் பூராவும் அவளே கம்ப்யூட்டர்ல போட்டா. கட்டிக்கப் போறவரு மனசு நோகக் கூடாதுன்னுதான் வாயத் தொறக்காம நின்னா.”