கழிக்கப்பட்ட ஒன்றரை மணி நேரம்

நெடும்பாதை நடையர் சங்கத்தின் செயலாளரும் என் மனைவியின் மூத்த அண்ணனுமாகிய மச்சான் அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் தங்கையும் நலம். நீங்களும் நலமாகவே இருப்பீர்கள். போன வாரம் எனக்கு அனுப்பிய நிராகரிப்புக் கடிதத்தில் உங்கள் கையெழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை.

சங்க விதி எனக்கு மனப்பாடம். இருநூற்று நாற்பது கிலோமீட்டர் பாதையை முழுக்க நடந்து, அதே பாதையில் அறுபது மணி நேரம் தொண்டு வேலையும் செய்தவருக்குப் பித்தளை வில்லை உண்டு, சங்க அறை மரப்பலகையில் பெயரும் உண்டு. பலகையில் உங்கள் பெயர் மூன்றாவது. அங்கே என்னுடையது என்று சொல்ல, பக்கத்தில் மாட்டியிருக்கும் குழுப் படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது, அவ்வளவுதான். படம் எடுத்தவர் நீங்கள். பலகையில் பெயர் எழுதுகிறவர் வருடத்துக்கு ஒரு முறைதான் வருவார், ஆண்டுக் கூட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன்.

மூன்று வருட விடுப்பையெல்லாம் இதில்தான் கரைத்தேன். பதினான்கு பகுதிகளையும் நடந்தேன், ஒவ்வொன்றின் முடிவிலும் யாரிடமாவது சாட்சிக் கையெழுத்து வாங்கினேன். ஒன்பதாம் பகுதியின் முடிவில் காவலர் அறை பூட்டிக் கிடந்தது, கண்ணுக்கெட்டிய தூரம் வரை மனித ஜாதியில் ஒரே ஒருவர், அவரும் ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த கால்நடை மருத்துவர், “கை கழுவ நேரமில்லை சார், அப்படியே போடட்டுமா?” என்று கேட்டார், நான் குறிப்பேட்டை நீட்டினேன், அதனால்தான் அந்தக் கறை. நீங்களோ பதினொரு பேர் முன்னால், “மாப்ளே, மாட்டு டாக்டர் கையெழுத்து மாட்டுக்குத்தான் செல்லும்”னு சொல்லிச் சிரித்தீர்கள். நான்கு மாதம் கழித்து அதை ஏற்றுக்கொண்டீர்கள். பதினொரு பேரும் சிரித்ததைத் திரும்ப வாங்க முடியுமா?

சரி, அது போகட்டும். ஏழாம் பகுதியில் மழை பிடித்ததும் நீங்கள் பால் வண்டியில் ஏறி, கடைசி ஆறு கிலோமீட்டரை உட்கார்ந்தபடியே நடந்து முடித்ததை நான் யாரிடமாவது சொன்னேனா? வண்டி ஓட்டியவர் நல்ல ஆரோக்கியத்தோடும் நல்ல ஞாபகத்தோடும் இருக்கிறார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். தொண்டு வேலையாகப் பாதையின் செங்குத்துச் சரிவில் நாற்பத்திரண்டு கல்படிகள் வைத்தோம். கல் சுமந்தவன் நான். படிகளுக்கு மேலே மழைநீரைத் திருப்பிவிட ஒரு வடிகால் வெட்ட வேண்டும். எப்போதும் மட்டம் பார்க்கும் ரசமட்டமும் கையுமாகத் திரிவதால் ரசமட்டம் அக்கா என்று எல்லோரும் கூப்பிடும் நம் குழுத் தலைவி, அதைச் சாய்வாக வெட்டச் சொன்னார். நான் இரண்டு பட்டம் வாங்கியவன், பாதைக்குக் குறுக்கே நேராகத்தான் வெட்ட வேண்டும் என்றேன்.

“நேரா வெட்டினா மண்ணு அங்கயே தங்கிடும், தம்பி.”

“எந்தப் புஸ்தகத்துல இருக்கு?”

“எந்தப் புஸ்தகத்திலயும் இல்ல. மண்ணுல இருக்கு.”

இப்படியே ஒன்றரை மணி நேரம். கடைசியில், “சரி, உங்க இஷ்டம். மழைக்கு அப்புறம் வந்து பாருங்க”னு விட்டுவிட்டார். அதாவது வென்றது நான். அவரோ வேலைப் பதிவேட்டில் ‘பேச்சு: ஒன்றரை மணி’ என்று தனி வரி போட்டு எழுதினார், நீங்கள் அந்த வரியைக் கழித்துவிட்டு, ‘தங்கள் தொண்டு ஐம்பத்தெட்டரை மணி நேரமே’ என்று எனக்கு எழுதுகிறீர்கள். இருபத்திரண்டு வருடமாகக் காப்பீட்டு அலுவலகத்தில் மனுக்களை நிராகரித்து வருபவன் நான். இவ்வளவு அற்பமான காரணத்தை நானே இதுவரை கண்டுபிடித்ததில்லை. அந்தப் பேச்சு இல்லாவிட்டால் வடிகால் கோணலாகப் போயிருக்கும், மச்சான். பேச்சும் வேலைதான்.

உங்கள் தங்கையிடம் நியாயம் கேட்டேன். அவள் தலையைக்கூட நிமிர்த்தாமல், “ஒன்றரை மணிதானே கழிச்சாரு? வீட்ல நீங்க பண்ற வாக்குவாதத்தைக் கழிச்சா நமக்குக் கல்யாணமாகி மூணு வருஷம்தான் ஆகியிருக்கும்” என்றாள். உங்கள் குடும்பத்தில் எல்லோருக்குமே கழித்தல் கணக்கு நன்றாக வரும்போலிருக்கிறது.

எனவே அந்த ஒன்றரை மணி நேரத்தைத் திரும்பச் சேர்த்து, வில்லையையும் பலகையில் என் பெயரையும் உறுதிசெய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டில் அக்காவுக்கு என் வணக்கத்தையும், பிள்ளைகளுக்கு என் ஆசியையும் தெரிவியுங்கள். அவர்கள் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பி.கு.: மேலே உள்ளதை வியாழக்கிழமை எழுதி, உறையில் போட்டு வைத்திருந்தேன். ஆதாரமாக வடிகாலைப் படமெடுத்து இணைக்கலாம் என்று சனிக்கிழமை காலை சரிவுக்குப் போனேன். இடையில் இரண்டு நாள் நல்ல மழை. வடிகால் இருந்த இடத்தில் மண் தரைமட்டமாக நிரம்பியிருந்தது. தண்ணீர் அதன் மேலேறிப் படிகள் வழியே இறங்கியதில் ஒன்பது படிகளைக் காணவில்லை. ரசமட்டம் அக்கா கடப்பாரையோடு நின்றிருந்தார். “வாங்க தம்பி, உங்களுக்குத்தான் காத்திட்டிருக்கேன்” என்றார். கடப்பாரையை என்னிடம் நீட்டினார். இருவருமாக வடிகாலைச் சாய்வாக வெட்டி, ஒன்பது கல்லையும் கீழேயிருந்து தூக்கி வந்து மறுபடி பதித்தோம். ஐந்து மணி நேரம் ஆயிற்று. பதிவேட்டில் நாலரை என்று எழுதினார். நான் பார்த்தேன். “நடுவுல அரை மணி பேசினீங்களே” என்றார். பேசினேன்தான்.

மொத்தம் அறுபத்துமூன்று மணி நேரம். அவர் கையெழுத்திட்ட தாளை இணைத்திருக்கிறேன். ஆகவே அந்த ஒன்றரை மணி நேரம் பற்றிய என் கோரிக்கையையும், வடிகால் பற்றிய என் கருத்தையும், கழித்தல் கணக்கு பற்றிச் சொன்னதையும் வாபஸ் பெறுகிறேன்.

பால் வண்டியை வாபஸ் பெறவில்லை.