சல்லடை உதிர்த்த ஒற்றை அட்டை

மெட்ராஸில் யார் எதைத் தொலைத்தாலும் தேடித் தரக்கூடிய ஒரே ஆசாமி எங்கள் சல்லடைதான். அவருடைய செருப்பு மட்டும் விதிவிலக்கு. எழுபதுகளில் அடையாற்றில் நான் வேலை பார்த்த ரசாயன ஆய்வுக்கூடத்தின் நூலகம் அவர் ராஜ்யம். மயிலாப்பூர்க்காரர். சொந்தப் பெயர் என்னவென்று அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

கம்ப்யூட்டரை நாங்கள் படத்தில்கூடப் பார்க்காத காலம். சல்லடையிடம் மலை மலையாக அட்டைகள் இருந்தன. ஒரு ரசாயனத்துக்கு ஓர் அட்டை. அட்டையின் ஓரமெல்லாம் துளைகள். ஒவ்வொரு துளையும் மூலக்கூறின் ஓர் உறுப்பைக் குறிக்கும். அந்த உறுப்பு இருந்தால் துளையின் விளிம்பை வெட்டித் திறந்துவிடுவார். வேண்டிய துளை வழியாகக் கட்டுக்குள் ஸ்வெட்டர் பின்னும் ஊசியைச் செருகித் தூக்கிக் குலுக்கினால், வெட்டுப்பட்ட அட்டைகள் மட்டும் உதிரும்.

தன் தங்கைக்கு வரன் தேடியதும் இப்படித்தான். உயரம், உத்தியோகம், சங்கீத ஞானம் என்று எல்லாத் துளையிலும் ஊசி செருகிக் குலுக்கியிருக்கிறார். ஒருத்தரும் விழவில்லை.

"ஆத்துல எல்லாரும் அழுதுண்டு இருந்தா ஓய். சங்கீதத்தை உருவினேன். மூணு பேர் பொத்துனு விழுந்தா!"

ஒருநாள் நானும் சிந்தாதிரிப்பேட்டை மணியும் ஒரு புதுப் பொருள் தயாரித்திருந்தோம். காலை முழுக்கத் தடித் தடிப் புத்தகங்களில் அதன் பெயரைத் தேடினேன். எங்குமில்லை. உலகத்துக்கே புதுசு என்று மணிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மேல்மாடியில் குடுவையைச் சூடேற்ற ஆரம்பித்துவிட்டான். நான் ஒப்புக்குச் சல்லடையிடம் போனேன்.

"பேர்ல என்ன ஓய் இருக்கு? படத்தைப் போடும்."

போட்டேன். ஊசிகளைச் செருகிக் குலுக்கினார். ஒன்றும் விழவில்லை. நான் சிரித்துக்கொண்டே எழுந்தேன்.

"உக்காரும். படத்துல இந்த வாலை நறுக்கிட்டுப் பாப்போம். நைட்ரஜன் வளையம் மட்டும் இருக்கட்டும்."

வாலுக்கான ஊசிகளை உருவிவிட்டு மறுபடி குலுக்கினார். ஓர் அட்டை விழுந்தது. அதைப் படித்ததும் அவர் முகம் வெளுத்தது.

"இதே வளையம். யாரோ சூடு பண்ணிருக்கான். வெடிச்சு, கை போயிடுத்து. மணி எங்கே?"

மேல்மாடி என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஓடத் தொடங்கிவிட்டார். வெறுங்காலோடு, ஊசியில் தொங்கிய கட்டோடு. மாடிப்படியெல்லாம் அட்டைகள் சிதறின. நானும் பின்னாலேயே ஓடினேன்.

மணி குடுவைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். சல்லடை அடுப்பை அணைத்து, அவன் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தார்.

"இன்னா சார், சூடு ஏறிக்கினு கீது, இப்ப போயி அணைச்சிட்டியே!"

"வாயை மூடுடா!"

சுவரோரம் குந்திக் காத்திருந்தோம். உள்ளே பழுப்புப் புகை எழுந்தது. குடுவை கடகடவென்று ஆடியது. மெல்ல, மெல்ல அடங்கியது.

விஷயத்தைக் கேட்ட மணி, படியில் உட்கார்ந்து அட்டைகளைப் பொறுக்க ஆரம்பித்தான். ஒரு மூலை மடங்கினாலே குதிக்கும் சல்லடை, மிதிபட்டுக் கிடந்த அட்டைகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. பொறுக்கிக்கொண்டிருந்த மணியின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனுஷரை எனக்கு அன்றைக்கு ரொம்பப் பிடித்துப்போனது.