மேலுரம் குடித்த லாரி

விவசாயி மகனுக்கு யூரியாவைப் பற்றி யாராவது பாடம் எடுத்தால் அவன் காதில் வாங்கிக்கொள்ள மாட்டான். எங்கள் எறையூர்ப் பக்கத்து ஆண்கள் எல்லோருக்கும் பொருந்தும் உண்மை இது. எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே பொருந்தும் என்பாள் என் மனைவி செல்வி (அவள் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடுங்கள்).

ஆலைக்குக் கரும்பு ஏற்றுவதற்காக நான் புது லாரி வாங்கியிருந்த நேரம் அது. இந்தப் புது மாடல் வண்டிகளுக்கு டீசல் மட்டும் போதாது. புகையைச் சுத்தம் செய்ய ஒரு திரவம் வேண்டும். அதற்கு நீல மூடி போட்ட தனி டேங்க் இருக்கும். பெட்ரோல் பங்கில் கேன் கேனாக விற்கிற அந்தத் திரவத்தை லாரிக்காரர்கள் நாங்கள் ‘யூரியா தண்ணி’ என்போம். குறைந்துபோனால் டாஷ்போர்டில் ஒரு விளக்கு எரியும். ஒரு நாள் எரிந்தது.

கொட்டகையில் மூட்டை மூட்டையாக யூரியா கிடக்கும்போது அதைப் போய்க் கடையில் வாங்க நான் என்ன கேணையனா? பூச்சிமருந்து கலக்கும் டிரம்மில் போர் தண்ணீரைப் பிடித்தேன். யூரியாவைக் கொட்டி, ஒரு கரும்பை ஒடித்து அதனால் கலக்கி, பழைய வேட்டியில் வடிகட்டி டேங்கில் ஊற்றினேன். செல்வி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, லாரிக்கு மேலுரமா போடுறீங்க?”

விளக்கு அணைந்தது. ஊரில் லாரி வைத்திருந்த எல்லோரிடமும் போய் என் கண்டுபிடிப்பைச் சொன்னேன். நல்லவேளை, யாரும் என்னை நம்பவில்லை.

கொஞ்ச நாளில் இன்னொரு விளக்கு எரிந்தது. இது மஞ்சள். நான் அசரவில்லை. பேட்டரி வயரைக் கழற்றி, டீ குடித்துவிட்டு வந்து மாட்டினேன். ஃபியூஸை ஒவ்வொன்றாக உருவி ஊதினேன். செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். அந்த ஆள் இந்தியில் பேசினான், எனக்கு அவன் கையசைவு மட்டும் புரிந்தது. எதற்கும் விளக்கு மசியவில்லை. கடைசியில் செல்வியின் ஸ்டிக்கர் பொட்டில் பெரிதாக ஒன்றை எடுத்து அந்த விளக்கின்மேல் ஒட்டிவிட்டேன். கோளாறு கண்ணுக்குத் தெரியவில்லை, எனவே தீர்ந்தது.

இந்த நிலையில்தான் தங்கை கலாவின் மகளுக்குக் காதுகுத்து வந்தது. கலாவைக் கீழப்பழுவூரில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுடைய புகுந்த வீட்டில் விசேஷம் என்றால் கோயிலே நிறைந்துவிடும். எங்கள் பக்கம் அம்மா, நான், செல்வி, கல்யாணம் பண்ணிக்கொள்ளாத ஒரு சித்தப்பா, அவ்வளவுதான். “ஒங்க வூட்டுல சீர் தட்டு தூக்கக்கூட ஆளு இல்லியே” என்று அவள் மாமியார் சிரித்துக்கொண்டே சொல்வாராம். கலாவும் சிரித்துவிட்டு, அப்புறம் எனக்குப் போன் பண்ணி அழுவாள்.

காதுகுத்துக்கு முதல் நாளும் போன் பண்ணினாள். “அண்ணே, கூட்டம் இல்லாட்டி பரவால்ல. பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வந்து பாப்பாவ மடியில வச்சுக்க. நீ வரலன்னா வேற யாரையாச்சும் மாமன்னு ஒக்கார வச்சுருவாங்க. அப்பறம் எனக்குப் பொறந்த வூடே இல்லன்னு ஆயிரும்.”

ஆள் இல்லாத குறையை லாரியால் நிரப்புவது என்று முடிவு செய்தேன். வண்டியைக் கழுவி, இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டி, மேலே ஸ்பீக்கர் வைத்தேன். பழம், பூ, வளையல், பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடை என்று தட்டுகள் பின்னால் வரிசையாக ஏறின. வெள்ளிக்கிழமை காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

பெரம்பலூரைத் தாண்டியதும் வண்டி ‘கீங் கீங்’ என்று கத்தியது. வேகம் குறைந்தது. ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்தும் முள் இருபதைத் தாண்ட மறுத்தது. கெட்ட திரவத்தைக் குடித்தால் இந்த வண்டிகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. சிமெண்டு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டின. கரும்பு டிராக்டர் தாண்டியது. சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் கொஞ்ச தூரம் கூடவே மிதித்து, எந்த ஊர், யார் வீட்டு விசேஷம் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, “அப்ப நான் முன்னால போறேன் தம்பி” என்று போய்விட்டார். ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னேன். “அதாச்சும் ஓடட்டும்” என்றார் சித்தப்பா.

அரியலூர் தாண்டி ஓரங்கட்டினேன். உரம் அதிகமானால் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் அதுதான். குடிக்க வைத்திருந்த தண்ணீர் முழுவதையும் நீல மூடி டேங்கில் ஊற்றிவிட்டுச் சாவியைத் திருகினேன். அதோடு வண்டி கிளம்பவே இல்லை.

கலா கூப்பிட்டாள். பக்கத்தில் வந்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். “சரிண்ணே” என்று வைத்துவிட்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். வாழைமரம் கட்டிய லாரியின் பக்கத்தில், பட்டுச்சட்டையில் நான் நின்று அழுதேன்.

அப்போது செல்வி நடுரோட்டுக்குப் போய்க் கையை நீட்டினாள். கீழப்பழுவூர் வழியாகப் போகும் பஸ் ஒன்று நின்றது. கண்டக்டர் தட்டுகளைப் பார்த்தார்.

“இதெல்லாம் லக்கேஜுங்களா?”

“தாய்மாமன் சீருங்க. பத்தரைக்குள்ள போவணும்” என்றாள் செல்வி.

“அத மொதல்ல சொல்லக்கூடாதா, ஏத்துங்க.”

தட்டுகளை வைக்க இடமில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுக்கொன்றாக மடியில் வாங்கிக்கொண்டார்கள். வளையல் தட்டு மும்தாஜ் என்கிற அக்காவிடம் போனது. கதையைக் கேட்ட டிரைவர் விரட்டினார். கோயில் ரோட்டோரம்தான். பஸ்ஸை வாசலிலேயே நிறுத்தி, எல்லோரும் இறங்கித் தட்டைக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றார். பஸ்ஸே இறங்கியது. எங்களிடம் மேளம் இல்லாத குறைக்கு அவர் விடாமல் ஹாரன் அடித்தார். நான் முன்னால் போக, எனக்குப் பின்னால் முன்பின் தெரியாத ஒரு கூட்டம் சீர் தூக்கிக்கொண்டு வந்தது.

கலா மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே ஓடி வந்தாள். அவளுடைய மாமியாரால் நம்ப முடியவில்லை. மும்தாஜ் அக்காவை நிறுத்தி, பொண்ணுக்கு நீங்க என்ன வேணும் என்று கேட்டார்.

“பெரியம்மா முறை வேணும்ங்க” என்றார் அக்கா, கண்ணிமைக்காமல்.

ராகு காலத்துக்கு முன்னால் பாப்பா என் மடியில் உட்கார்ந்தது. ஊசி பட்டதும் என் பட்டுச்சட்டையை நனைத்துவிட்டது. அன்றைக்கு அதைப் பன்னீராகவே நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஒர்க்‌ஷாப்பில் டேங்கைத் திறந்தார்கள். உள்ளே, உர யூரியாவில் பூசி வரும் வேப்பெண்ணெய் வாசனை. குழாயிலும் நாசிலிலும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பம்போடு எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. கழித்து வைத்த தண்ணீரை வீணாக்க வேண்டாமென்று அம்மா கேட்டு வாங்கி வந்து வாழைக்கு ஊற்றினாள். வாழை ஒன்றும் சொல்லவில்லை.

சில வருஷம் ஓடிவிட்டது. மும்தாஜ் அக்கா இல்லாமல் இன்று எங்கள் வீட்டில் விசேஷம் கிடையாது. அன்றைக்குக் கட்டிக்கொண்டு கிளம்பிய வாழைமரத்தையும் அந்த வெயிலையும் நினைத்தால் இப்போதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. கலாவுக்கு இரண்டாவதாகப் பையன் பிறந்தான். அடுத்த மாதம் அவனுக்குக் காதுகுத்து. நேற்றுக் கூப்பிட்டாள்.

“அண்ணே, லாரிய எடுத்துட்டு வந்துறாத, பஸ்ஸுலயே வா. ஒங்க சொந்தக்காரங்கதான் நெறைய பேரு வருவாங்கன்னு எங்க மாமியா பந்தியில எடம் ஒதுக்கி வச்சுட்டாங்க.”