சம்மந்தி முந்திப் போன வரிசை

சாய்ந்தமருது,
ஜூலை 1984.

அன்பு மகன் ஜவுபருக்கு வாப்பாவின் ஸலாம். குவைத் வெயிலிலும் அல்லாஹ் உன்னைச் சுகமாக வைத்திருக்கட்டும். நாங்களும் அவன் காவலில் இருக்கிறோம். உன் மாமனாரைத் தவிர எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

உன் உம்மா கண்புரை ஒப்பரேசனுக்குப் பெயர் கொடுத்துவிட்டு இரண்டு வருடமாகக் காத்திருப்பது உனக்குத் தெரியும். உன் பிள்ளையின் முகத்தைக் கையால் தடவித்தான் பார்க்கிறாள். அந்த வரிசையைக் குறைக்கவென்று அரசாங்கம் கொழும்பிலிருந்து கண் டாக்டர்மாரை அனுப்பியதும், சுபஹு தொழுத கையோடு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். எங்களுக்குப் பின்னால் நின்றது யார் தெரியுமா? உன் மாமனார் சீனிமுகம்மது! அவருக்கும் அதே புரை. பெண் கொடுத்த மனிதரைப் பின்னால் நிற்கவைத்துவிட்டு நாம் முன்னால் போனால் ஊர் என்ன சொல்லும்? "நீங்க முந்திப் போங்க சம்மந்தி" என்றேன். "மாப்பிள்ள ஊட்டுக்காரர விட்டுட்டு நான் போறதா? நீங்க போங்க" என்றார். இப்படியே இருவரும் மரியாதை செய்துகொண்டு நிற்க, பின்னால் நின்ற சனமெல்லாம் எங்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டது. கடைசியில் தாதி வந்து, "இன்னும் ஒராள்தான்" என்றாள். அப்போதும் பழக்கதோசத்தில், "போங்க சம்மந்தி" என்றுவிட்டேன். ஒரு பேச்சுக்குச் சொன்னது மகன்! மனுசன் விடுவிடென்று உள்ளே போய்விட்டார்! உன் உம்மா, "போகட்டும், அவரும் கண் தெரியாத ஆள்தானே" என்றாள். எனக்கு மனம் ஆறவில்லை. அந்த நிமிடமே அவள் கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன். வழியெல்லாம் அழுதேன். நல்லவேளை, அவளுக்குத் தெரியவில்லை.

இனி அந்த வீட்டில் ஒரு கோப்பை தேத்தண்ணியும் குடிக்க மாட்டேன். நீயும் அவருக்கு அத்தர் அனுப்பாதே.

அல்லாஹ் உன் உழைப்பில் பறக்கத் செய்வானாக.

வாப்பா,
மீராமுகைதீன்.

பி.கு.: முத்திரை வாங்கச் சுணங்கியது நல்லதாகப் போயிற்று. சம்மந்தி உள்ளே போனது அந்தக் கடைசி இடத்துக்கு உம்மாவின் பெயரைக் கொடுக்கத்தானாம். "போங்க, போங்க எண்டு நிண்டா விடிஞ்சிரும், அதான் நானே போனேன்" என்கிறார். வெளியே வந்து பார்த்தால் எங்களைக் காணவில்லையாம். மறுநாளே ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டது. ஒப்பரேசன் முடிந்து, கட்டவிழ்த்து, இன்று தடித்த கண்ணாடியும் போட்டாயிற்று. சம்மந்திதான் இன்னும் வரிசையில் நிற்கிறார். அவருக்கு அத்தர் அனுப்பு, பெரிய போத்தலாக. உம்மா பேரப்பிள்ளையைப் பார்த்து, உன் மூக்கென்று சொல்லிச் சொல்லி அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "இஞ்சாருங்க, நான் கழுவின சட்டையெல்லாம் இவ்வளவு ஊத்தையாவா கிடந்திச்சி? இத்தின காலமும் ஏன் ஒரு வார்த்த சொல்லல்ல?" என்று கேட்டு, சட்டையைக் கழற்றச் சொன்னாள். அவள் குனியக் கூடாதென்பது டாக்டரின் கட்டளை. அதனால் கிணற்றடியில் நான் துவைத்தேன், அவள் பக்கத்தில் கதிரை போட்டு இருந்துகொண்டு ஊத்தையைக் காட்டினாள்.