பொன்துணி குடித்த விஷம்

பழைய மரச்சாமான் கிடங்கின் வாசலில் காலையிலேயே தொடங்கிய வரிசை, சந்து திரும்பி மருந்துக்கடையையும் தாண்டிப் போய்விட்டது. மருந்துக்கடையில் ஈ ஓட்டக்கூட ஆளில்லை. கடைக்காரரே வந்து வரிசையில் நின்றிருந்தாலும் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கிடங்குக்குள் இருந்தவர் அப்பேர்ப்பட்டவர்.

அவருக்கு விஷமிறக்கி ஐயா என்று பேர். புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மாத்திரையும் ஊசியும் உடம்பிலேயே விஷமாகத் தங்கிவிடுமாம். அதுதான் தோலில் கொப்புளமாகவும் வெடிப்பாகவும் வெளியே எட்டிப் பார்க்கிறதாம். ஐயா தம்முடைய பொன்துணியை நனைத்து மெல்ல ஒற்றுவார். துணி விஷத்தைக் குடித்து ரத்தமாகச் சிவக்கும். கண்ணால் பார்த்தவர்கள் சொன்னார்கள். பார்க்காதவர்கள் அவர்களைவிட விவரமாகச் சொன்னார்கள். போன வருடம்வரை ஐயா வீடுவீடாகப் போய்த் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்றுக்கொண்டிருந்தார். குழாய்த் தண்ணீரிலிருந்து அழுக்கை எடுத்துக் காட்டியவருக்கு மனிதரிலிருந்து எடுத்துக் காட்டவா தெரியாது?

வரிசையின் நடுவில், அகலத் தொப்பியும் முகமூடியுமாக நின்றவளை அந்த வட்டாரத்தில் மூக்குக்கண்ணாடிக்கடை அக்கா என்பார்கள். அவளுக்கு நுரையீரலில் கட்டி. தினமும் ஒரு மாத்திரை. கட்டி சுருங்குகிறது என்று டாக்டர் படம் காட்டிச் சொன்னார். ஆனால் மாத்திரை ஆரம்பித்த கொஞ்ச நாளில் மூக்கு, கன்னம், நெற்றி என்று ஓர் இடம் பாக்கியில்லாமல் சிவப்புக் கொப்புளங்கள். இளவயதில் அவளை விட்டுவைத்த பருக்களெல்லாம் சேர்ந்து, இப்போது விலாசம் கேட்டு வந்துவிட்டன.

அவள் வேலையோ அடுத்தவர் முகத்துக்கு நேரே முகம் வைத்துச் செய்கிற வேலை. காதுக்குப் பின்னால் கம்பி உறுத்துகிறதா, மூக்கில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். வருகிறவர்கள் ஒரு பிரேமைப் போட்டு, கழற்றி, இன்னொன்றைப் போட்டு, மறுபடி முதல் பிரேமுக்கே வந்து அவள் உயிரை எடுப்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பாள். கடையில் நாலு சுவரிலும் நிலைக்கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் முகம்தான். ஒருநாள் ஒரு வாடிக்கையாளர் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, “இது ஒட்டிக்குமா?” என்றார். ஒட்டாது என்று சொல்லிவிட்டு, கம்பியை வளைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டு, உள்ளே போய் அழுதாள். அவமானம் பாதி, ஆத்திரம் பாதி.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பொறுமையாகத்தான் சொல்லியிருந்தாள். “இந்த மாத்திரைக்கு நிறைய பேருக்கு இப்படி வருது. கட்டி சோப்பை மட்டும் முகத்துல வைக்காதீங்க, தோலை வறட்டிடும். டாக்டர் எழுதின களிம்பைப் போடுங்க, இந்த கிரீமை விடாம பூசுங்க, வெயில்ல தொப்பி போட்டுக்குங்க. கிள்ளாதீங்க. தாங்க முடியலைன்னா வந்து சொல்லுங்க, டாக்டர் அளவைக் குறைக்கலாமான்னு பார்ப்பார். நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க.”

அக்கா அப்படியே செய்தாள். கொப்புளம் கொஞ்சம் அடங்கியும் இருந்தது. ஆனால் கொஞ்சம் அடங்குவதில் யாருக்குத் திருப்தி? கிரீம் என்றால் தினமும் பூச வேண்டும். அற்புதம் என்றால் ஒரே நாளில் வேலை முடிந்தது.

இந்த இடத்தில்தான் நாத்தனார் வந்தாள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வேன் ஒரு சுற்று வருவதற்குள் ஊர்ச்செய்தி இரண்டு சுற்று வந்துவிடும். அண்ணி என்றால் அவளுக்கு உயிர்.

“ஒரு தடவை வாங்க அண்ணி. போய்ப் பார்த்தா என்ன குறைஞ்சிடப் போகுது?”

“மாத்திரையை எல்லாம் கையோட கொண்டு வரணும்னு சொல்றாங்களே, எதுக்கு?”

“அங்க ஒரு ஜாடி இருக்காம். அதுல போட்டுடணுமாம். விஷத்தை எடுத்துட்டு மறுபடி விஷத்தையே உள்ள தள்ளுவாங்களா?”

அக்கா மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தாள். கட்டியைச் சுருக்குகிற மாத்திரை அது. அதை ஜாடியில் போட்டுவிட்டு எந்த நம்பிக்கையில் வீட்டுக்குப் போவது? அன்று முழுக்க மாட்டேன் என்றுதான் சொன்னாள். மறுநாள் கடையில் நாலு கண்ணாடியிலும் தன்னைப் பார்த்தாள். சாயந்திரம், “சரி, வரேன்” என்றாள். புத்தி இல்லாமல் போகவில்லை. களைத்துப் போய்ப் போனாள்.

கிடங்கு வாசலில் வரிசையாகக் குழாய்கள். வெள்ளைச்சட்டை உதவியாளர் ஒருவர் ஆளுக்கொரு வெள்ளைச் சோப்புக் கட்டியை நீட்டினார். அதற்கு விலை கிடையாது. ஆனால் காணிக்கைப் பெட்டியைப் பார்க்காதது போல் யாரும் நகர முடியாதபடி அவர் நின்றுகொண்டார்.

“நோய் இருக்கிறவங்க, கூட வந்தவங்க, எல்லாரும் முகம், கை தேய்க்கணும். நுரையை முழுசா கழுவிடாதீங்க. துடைக்காதீங்க. அப்படியே காயணும். சுத்தமான தோல்லதான் விஷம் மேல வரும்.”

நுரையோடு காய்வதுதான் சுத்தமாம். சுத்தத்துக்கு ஐயா வைத்திருந்த அகராதி தனி.

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டு பரபரவென்று தேய்த்தாள். அக்கா சோப்பை முகர்ந்தாள். நெடி மூக்கில் ஏறியது. கட்டி சோப்பை மட்டும் வைக்காதீங்க என்ற குரல் காதில் கேட்டது. உதவியாளர் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, வெறும் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டாள். சோப்பு காய்ந்த கட்டியாகவே கைப்பைக்குள் மாத்திரை அட்டைக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

உள்ளே ஐயா உயரமான நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் ஒரு பெரிய கண்ணாடி ஜாடி. நீலம், ரோஜா, வெள்ளை என்று விதவிதமான மாத்திரை அட்டைகள் கழுத்துவரை நிரம்பியிருந்தன. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் ஆஸ்பத்திரியில் காத்துக் கிடந்து வாங்கியது.

அக்காவுக்கு முன்னால் ஒரு பேக்கரிக்காரர். மருந்தினால் உள்ளங்கை சிவந்து தோல் உரிந்து, மாவு பிசைய முடியாமல் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தவர். ஐயா பொன்துணியை நனைத்து அந்தக் கையில் ஒற்றினார். ஒற்றிய இடத்தில் துணி செக்கச்செவேலென்று ஆனது. கூட்டம் வாயைப் பிளந்தது.

“பார்த்தியா? எவ்வளவு விஷம் ஏத்திவிட்டிருக்காங்க. போனவாட்டியே மாத்திரையைக் குடுத்துட்டது நல்லதாப் போச்சு,” என்றார் ஐயா.

பேக்கரிக்காரர் கண்ணீர் விட்டார். துணி சிவந்ததே தவிர, கை அப்படியேதான் இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது அக்கா. முகமூடியைக் கழற்றினாள். கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். ஐயா வேறொரு பொன்துணியை நனைத்து அவள் கன்னத்தில் ஒற்றினார். துணி மஞ்சளாகவே இருந்தது. நெற்றியில் ஒற்றினார். மஞ்சள். மூக்கில் அழுத்தித் தேய்த்தார். எரிச்சலில் அவளுக்குக் கண் கலங்கியது. துணிக்கு ஒன்றுமே ஆகவில்லை.

ஐயா கொஞ்சம் விழித்தார். ஆனால் மெஷின் விற்ற நாக்கல்லவா? சுதாரித்துக்கொண்டார். “விஷம் ஆழமா போயிடுச்சும்மா. மேல வர மாட்டேங்குது. இன்னும் ஏழெட்டு தடவை வரணும். மாத்திரையை உடனே நிறுத்தியாகணும். எடு.”

அக்காவின் கை பைக்குள் போனது. விரலில் மாத்திரை அட்டை பட்டது. பக்கத்தில் சோப்பும் பட்டது. அவள் கை அங்கேயே நின்றது.

“ஐயா, என் நாத்தனாருக்கும் ஒரு தடவை ஒத்திப் பாருங்களேன்.”

“எனக்கெதுக்கு அண்ணி? எனக்குக் காய்ச்சல்கூட வந்ததில்லையே.”

ஐயாவுக்கு மறுக்க வழியில்லை. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. லேசாகத்தான் ஒற்றினார். துணி அரளிப்பூவாகச் சிவந்தது.

“ஐயையோ,” என்றாள் நாத்தனார். முகம் வெளுத்துவிட்டது. “நான் தலைவலிக்கே மாத்திரை போட மாட்டேனே. எனக்கு எப்படி விஷம் வந்துது?”

“உனக்கும் இருக்கும்மா. தெரியாமலே இருக்கும்,” என்றார் ஐயா. புது வாடிக்கை கிடைத்த சந்தோஷம் குரலில் லேசாகத் தெரிந்தது.

அக்கா கைப்பையிலிருந்து சோப்பை எடுத்தாள். “நான் இதை முகத்துல வைக்கவே இல்லைங்க. நர்ஸ் வேண்டாம்னாங்க. இவ தேய்ச்சா. வித்தியாசம் அவ்வளவுதான்.” பேசிக்கொண்டே ஐயா கையிலிருந்த ஈரத்துணியின் ஒரு மஞ்சள் மூலையைப் பிடித்துச் சோப்பின் மேல் அழுத்தினாள். எடுத்துத் தூக்கிக் காட்டினாள்.

அந்த மூலை ரத்தமாகச் சிவந்திருந்தது.

“இந்த சோப்பு எந்த ஆஸ்பத்திரியில வைத்தியம் பாத்துக்குதுங்க, ஐயா?”

நாத்தனார்தான் முதலில் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “அட, இது வெறும் மஞ்சள்தான். பிள்ளைங்க சட்டையில மஞ்சள் கறை பட்டு சோப்பு போட்டா இப்படித்தானே சிவக்கும். வாரம் வாரம் நானே துவைக்கிறேனே.”

“எங்க வீட்டுலயும்தான்,” என்றார் ஒருவர். “எங்க வீட்டுலயும்,” என்றார் இன்னொருவர். அங்கே இருந்தவர்களில் அதைப் பார்க்காதவர் ஒருவர்கூட இல்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அது பரவியது. சிரிப்பு முன்வரிசைக்கு வருவதற்குள் வெள்ளைச்சட்டையைக் காணோம், காணிக்கைப் பெட்டியையும் காணோம். தனியே நிற்க ஐயாவுக்கும் பிடிக்கவில்லை. பின்வாசலில் செருப்பை விட்டுவிட்டே போய்விட்டார்.

பேக்கரிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. ஜாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். “அப்போ நான் இவ்வளவு நாளா மருந்து சாப்பிடாம இருந்தது?” என்றார்.

அதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுபோனது. ஆளாளுக்கு ஜாடிக்குள் கையை விட்டார்கள். எது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. அக்கா ஜாடியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“இதுல இருந்து எதையும் எடுத்து முழுங்காதீங்க. எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு வாங்க. நடந்ததை மறைக்காம சொல்லுவோம்.”

“திட்டுவாங்களே,” என்றார் பேக்கரிக்காரர்.

“திட்டட்டும். திட்டு வாங்க நாம உயிரோட இருக்கணும்ல? அந்தக் கையையும் காட்டுங்க. அதுக்கும் அவங்ககிட்ட வழி இருக்கும்.”

பள்ளிக்கூட வேனில் கொள்ளாத கூட்டம் ஏறியது. சின்னப் பிள்ளைகளின் சீட்டில் பெரியவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள். அக்கா முன்சீட்டில், ஜாடி மடியில். முகமூடியை அவள் மறுபடி போடவில்லை. எடுத்த கையோடு பைக்குள் போட்டுவிட்டாள்.

கொஞ்ச தூரம் போனதும் நாத்தனார் மெதுவாகக் கேட்டாள். “அண்ணி, எனக்கு நிஜமாவே விஷம் இல்லைல்ல?”

“உனக்கு விஷம் இல்லை. வீட்டுக்குப் போய் முதல்ல முகத்தைக் கழுவு.”

குளியலறையில் சட்டைக்கறை சிவந்தபோது கும்பிடாதவர்கள்தான், அதே கறை உயரமான நாற்காலிக்குப் பக்கத்தில் சிவந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மூக்கின் மேல் உட்காரப் போகிற கண்ணாடியைப் போட்டுப் பார்த்து, கழற்றிப் பார்த்து, கடைக்காரி உயிரை எடுத்து வாங்குகிறோம். நம் உயிரையே ஜாடியில் போடச் சொல்கிறவனிடம் ஒரு கேள்வி கேட்க மட்டும் ஏன் நமக்கு வாய் வருவதில்லை?