முக்கோணக் கண்ணாடியும் குக்கர் வளையமும்

பழைய வேனில் ஆடுகிற எதையும் ஆடவிட்டுவிடுவதுதான் குடும்பத்துக்கு நல்லது. இது எனக்குப் புரிந்தது, என் தங்கை கலையைப் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை.

கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப்போகும் வேன் என்னுடையது. முன்கதவின் ஓரத்தில், காற்றுக்காகத் திறக்கும் சின்ன முக்கோணக் கண்ணாடி ஒன்று உண்டு. அதன் ரப்பர் மக்கிப்போய், கொஞ்சம் வேகமெடுத்தாலே கண்ணாடி தானாகத் திறந்து விசிலடிக்கும். (தினமும் வருகிற ஆட்கள் அந்தச் சத்தத்திலேயே தூங்கப் பழகியிருந்தார்கள்.) அன்றைக்கு சோழவரத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டாரை அதே வேனில்தான் அழைத்துவர வேண்டும்.

ஞாயிறு என்பதால் எங்கள் ஊர் வேப்பம்பட்டில் மெக்கானிக் கடை திறக்கவில்லை. எங்கள் சமையலறை ஆணியில் ஒரு ரப்பர் வளையம் தொங்கியது. பழசு என்று நானே தீர்ப்புச் சொல்லி, வெட்டி, இடுக்கில் திணித்து, தாராளமாகப் பசை ஊற்றினேன். கண்ணாடி அசையவில்லை. எனக்குள் ஓர் இன்ஜினீயர் வீணாகிக்கொண்டிருந்தது தெரிந்தது.

வரும் வழியில் மாப்பிள்ளையின் அம்மா முன்சீட்டில் இருந்தார்.

"வண்டி பழசுதான். ஆனா சத்தமே இல்லாம போவுதே தம்பி."

"எல்லாம் நம்ம கைவேலதாம்மா."

வீட்டில் என் மனைவி செல்வி பெரிய குக்கரின் முன் நின்றிருந்தாள். உள்ளே அத்தனை பேருக்கும் வெஜிடபிள் பிரியாணி.

"ஏங்க, ஆணில மாட்டியிருந்த குக்கர் கேஸ்கெட்ட பாத்தீங்களா? அரிசியெல்லாம் போட்டுட்டு தேடிக்கினு இருக்கேன்."

"பாக்கலயே." (அது இப்போது வளையமாக இல்லாததால், பொய் என்றும் சொல்ல முடியாது.)

நைசாக வெளியே போய் ரப்பரைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. காலைக் கதவில் ஊன்றி இழுத்தேன். ரப்பரோடு கண்ணாடியும் வந்தது. சிமெண்ட் ரோட்டில் அது விழுந்த சத்தத்துக்கு இரண்டு குடும்பமும் வாசலுக்கு வந்துவிட்டது.

"இன்னா தம்பி அது, கையில?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

எனக்குப் பதிலாகச் செல்வி சொன்னாள்: "கேஸ்கெட்டு."

"அண்ணா, நீ இங்கியே இரு. உள்ள வராத," என்றாள் கலை. பட்டுப்புடவையில் அவள் கண் கலங்கி நின்றாள். நான் குனிந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

மாப்பிள்ளையின் அம்மா முந்தானையைச் செருகிக்கொண்டு உள்ளே போனார். அரிசியை அண்டாவில் கொட்டி, தட்டு மூடி, வேகவைத்து இறக்கினார். பந்தி முடிய சாயங்காலமாகிவிட்டது. கை கழுவிவிட்டுச் சொன்னார்:

"பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்கு. ஆனா இந்தத் தம்பி எங்க ஊட்டு அடுப்பங்கர பக்கம் வரக் கூடாது."

கல்யாணம் நன்றாகவே நடந்தது. இன்றும் சோழவரம் போனால் எனக்கு ராஜ உபசாரம், ஹாலில் மட்டும். தண்ணீர் குடிக்க எழுந்தாலே, "நீ ஒக்காரு தம்பி, நான் கொண்டாறேன்" என்று சம்பந்தியம்மா உள்ளே போவார். உடனே பீரோ பூட்டும் சத்தம் கேட்கும்.

குக்கர் மூடியை உள்ளே வைக்கிறாராம். கலைதான் சொன்னாள்.